சர்வரைப் பெரிதாக்கினால் பில் சீக்கிரம் வந்துவிடுமா?



சிறுதொழில் செய்பவர்களுக்கான இந்த அரங்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, மேகக் கணினியில் வைத்திருக்கும் தரவுத்தளம் ஏன் மெதுவாகிறது என்பது. தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர் ரிமோட்டைத் தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். மாதா மாதம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போகும் பணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஷா ஆலம் பக்கத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் அவர் கடையின் பின்னறையில் இருந்த கணினி மூழ்கிப் போனது. நான்கு வருடக் கணக்கு அதோடு போயிருக்க வேண்டியது. மகள் வீட்டில் ஒரு நகல் இருந்ததால் தப்பித்தார். "இனிமேல் என் கணக்கு தண்ணீர் ஏறாத இடத்தில் இருக்கட்டும்" என்று சொல்லி, பில் போடும் மென்பொருளையும் தரவுத்தளத்தையும் மேகக் கணினிக்கு மாற்றிவிட்டார். அது சரியான முடிவு. இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

சிக்கல் அடுத்த ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்தது. ஒரு பில் போட 40 விநாடி ஆகிறது. வாசலில் லோரிகள் வரிசையாக நிற்கின்றன. ஓட்டுநர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். மென்பொருள் விற்றவரைக் கூப்பிட்டார். "சர்வர் பத்தவில்லை, பெரியதாக மாற்றுங்கள்" என்றார் அவர். மாற்றினார்கள். மாத வாடகை இரண்டு மடங்கானது. பில் மட்டும் அதே 40 விநாடி. வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் முகவரைக் கேட்டால், "எங்கள் பக்கம் எல்லாம் பச்சை விளக்குதான் எரிகிறது. மென்பொருள் ஆளைக் கேளுங்கள்" என்கிறார். இப்படி இரண்டு பேரும் பந்தை மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அழைப்பு வந்தது.

"தம்பி, இதைவிடப் பெரிய சர்வர் இருக்கிறதாம். வாங்கிவிடட்டுமா?"

"வேண்டாம் அண்ணே. எனக்கு இரண்டு நாள் கொடுங்கள். எது நிரம்பி வழிகிறது என்று முதலில் பார்ப்போம்."

அந்த இரண்டு நாளில் என்ன பார்த்தேன் என்பதைச் சொல்வதற்கு முன்னால், வட்டு என்றால் என்ன என்று ஒரு சிறிய விளக்கம்.

தரவுத்தளம் தன் கணக்குகளைப் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்கிறது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் வழக்கமாக ஒரு பக்கம் 16 கிலோபைட். போஸ்ட்கிரெஸ் என்றால் 8 கிலோபைட். கேட்ட பக்கம் ஏற்கெனவே நினைவகத்தில் இருந்தால், அதை எடுக்க ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் என்ற அளவில்தான் ஆகும். நினைவகத்தில் இல்லையென்றால் வட்டுக்குப் போக வேண்டும். மேகக் கணினியில் பெரும்பாலும் அந்த வட்டு உங்கள் சர்வருக்குள் இருப்பதில்லை. அதே தரவு மையத்தில் வேறு ஓர் இடத்தில் இருக்கிறது. கம்பி வழியாகப் போய் எடுத்து வர ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி ஆகலாம். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் குறைவுதானே என்று நினைக்காதீர்கள். நினைவகத்தோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு தாமதம்.

கடையின் பின்னறையில் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு இருந்த எல்லை இயற்கையின் எல்லை. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டு. அரைச் சுற்று சுற்றி வரவே 4 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். அதற்கு மேல் வேகம் கேட்டால் இரும்பு ஒத்துக்கொள்ளாது. மேகக் கணினியின் வட்டுக்கு இருக்கும் எல்லையோ ஒப்பந்தத்தின் எல்லை. நீங்கள் எவ்வளவுக்குப் பணம் கட்டியிருக்கிறீர்களோ அவ்வளவுதான் கொடுப்பார்கள். அளவைத் தொட்டதும் மீட்டர் உங்களை நிறுத்தி வைக்கும். அங்கே எதுவும் பழுதாகவில்லை. அதனால்தான் முகவரின் திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை.

அந்த எல்லை ஒன்றல்ல, மூன்று. நெடுஞ்சாலை டோல் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு விநாடிக்கு இத்தனை வண்டிகள்தான் சாவடியைக் கடக்கலாம் என்பது முதல் எல்லை. கணினித் துறையில் இதை ஐ.ஓ.பி.எஸ். என்கிறார்கள். வண்டிகள் எத்தனை ஆனாலும், மொத்தச் சரக்கு விநாடிக்கு இத்தனை டன்னுக்கு மேல் போகக்கூடாது என்பது இரண்டாவது எல்லை. சாவடிக்கு வரும் சாலையே எவ்வளவு அகலம் என்பது மூன்றாவது. அந்தச் சாலைதான் உங்கள் சர்வர். ஒவ்வொரு சர்வர் வகைக்கும், வட்டோடு பேசுவதற்குத் தனியாக ஓர் அளவு உண்டு.

எண்ணோடு சொன்னால் எளிதில் புரியும். அமேசான் நிறுவனம் 2020 டிசம்பரில் கொண்டுவந்த ஜிபி3 என்ற வட்டு வகையில், கூடுதல் கட்டணம் இல்லாமல் கிடைப்பது விநாடிக்கு 3,000 முறை, 125 மெகாபைட். தரவுத்தளம் 16 கிலோபைட் பக்கங்களாகப் படித்தால், 3,000 முறை படித்தாலும் 48 மெகாபைட்தான் ஆகிறது. ஆகவே முதலில் முட்டுவது வண்டிகளின் எண்ணிக்கை. அதே வட்டில் ஒரு நகலெடுக்கும் வேலை 256 கிலோபைட் துண்டுகளாகப் படித்தால், 500 முறையிலேயே 125 மெகாபைட் தீர்ந்துவிடும். இங்கே முட்டுவது சரக்கின் எடை. ஒரே வட்டுதான், ஆனால் வேலைக்குத் தக்கபடி முட்டும் இடம் மாறுகிறது.

மூன்றாவது எல்லையில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். அமேசானின் எம்5 வகையில் 'லார்ஜ்' என்ற சர்வர், வட்டோடு நாள் முழுவதும் தாக்குப்பிடித்துப் பேசக்கூடியது விநாடிக்கு 3,600 முறை. அதற்கு மேல் போனால் கொஞ்ச நேரத்துக்குத்தான் அனுமதி. அந்தச் சர்வருக்கு 10,000 முறை தரும் வட்டை வாங்கி மாட்டினால் என்ன ஆகும்? பத்து வழிச் சாவடிக்கு ஒற்றையடிப் பாதை போட்ட கதைதான்.

இனி ஷா ஆலம் கடைக்கு வருவோம். எனக்கு முதல் துப்புக் கொடுத்தது எந்தக் கருவியும் அல்ல. அங்கே பில் போடும் பெண்தான். "சார், காலையில் கடை திறந்ததும் நன்றாகத்தான் இருக்கிறது. பத்தரை மணிக்குப் பிறகுதான் இழுக்கிறது" என்றார். தினமும் பத்தரையா என்று கேட்டேன். ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். எட்டு நாளாக மணியைக் குறித்து வைத்திருந்தார், யாரும் சொல்லாமலே! எல்லா நாளும் பத்து இருபதுக்கும் பத்து நாற்பதுக்கும் இடையில்தான்.

இயந்திரம் சோர்ந்து போவதற்கு மணி தெரியாது. மணிப்படி நடப்பது ஒப்பந்தம்தான். வட்டு வகைகள் பலவற்றில் சேமிப்புக் கணக்கு போல ஒரு ஏற்பாடு உண்டு. நீங்கள் சும்மா இருக்கும் நேரத்தில் சலுகைப் புள்ளிகள் சேரும். அவசரம் வரும்போது அந்தப் புள்ளிகளைச் செலவு செய்து வேகமாக ஓடலாம். புள்ளி தீர்ந்தால் அடிப்படை வேகம்தான். பெரியவர் யாரிடம் வாடகைக்கு எடுத்தார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. இந்த ஏற்பாடு பல நிறுவனங்களிடம் இருக்கிறது. விதியை வெளிப்படையாக எழுதி வைத்திருப்பதால், அமேசானின் பழைய ஜிபி2 வகையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அது இன்னும் பலருடைய கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு கிகாபைட்டுக்கு விநாடிக்கு 3 முறை. 100 கிகாபைட் வட்டு வாங்கியவருக்கு 300. ஆனால் சேமிப்பில் 54 லட்சம் புள்ளிகள் வரை இருக்கும். அது இருக்கும்வரை விநாடிக்கு 3,000 வரை ஓடலாம். முழு வேகத்தில் ஓடினால் 33 நிமிடத்தில் சேமிப்பு காலி. பிறகு பத்தில் ஒரு பங்கு வேகம். காலியான சேமிப்பு மறுபடி நிரம்ப, வட்டைத் தொடாமலே 5 மணி நேரம் விட வேண்டும். கடை நேரத்தில் யார் தொடாமல் விடுவார்கள்?

மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் சேவையிலும், 512 கிகாபைட்டும் அதற்குக் குறைவுமான பிரீமியம் எஸ்.எஸ்.டி. வட்டுகளுக்கு இதுபோல அரை மணி நேரச் சலுகை ஓட்டம் உண்டு. மென்பொருள் விற்கும்போது நடத்திக் காட்டும் சோதனையெல்லாம் பத்து நிமிடம்தான். சலுகை நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். வாங்குபவர் பார்ப்பது முழுக்க முழுக்க அந்தப் பத்து நிமிட வேகத்தைத்தான்.

சரி, பத்து மணிக்கு யார் அந்தச் சேமிப்பைத் தின்றது? வாடகை நிறுவனம் கொடுக்கும் வரைபடத்தைத் திறந்தேன். ஒரு வாரத்தை நிமிட வாரியாகப் பார்த்தேன். நிமிட வாரியாக என்பது முக்கியம். ஐந்து நிமிடச் சராசரி உண்மையை மறைத்துவிடும். 100 விநாடி 3,000 வேகத்தில் ஓடி மீதி நேரம் தூங்கினாலும், சராசரி 1,000 என்றுதான் காட்டும். வரைபடத்தில் தினமும் காலை 10 மணிக்குச் செங்குத்தாக ஓர் ஏற்றம். ஞாயிற்றுக்கிழமையும் அதே ஏற்றம். ஞாயிறு கடைக்கு விடுமுறை!

கடை மூடியிருக்கும்போது யார் கணக்குப் பார்த்தது? நகலெடுக்கும் வேலை. மென்பொருள்காரர் அதை "இரவு 2 மணிக்கு" என்றுதான் அமைத்திருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நமக்கும் அதற்கும் 8 மணி நேர வித்தியாசம். அங்கே இரவு 2 என்றால் இங்கே காலை 10. முந்தின இரவெல்லாம் சேர்ந்த புள்ளிகள் முழுவதையும் அந்த நகல் வேலை அரை மணியில் தின்று முடித்தது. அதற்குப் பிறகு பில் போடுபவர்களுக்குக் கிடைத்தது அடிப்படை வேகம் மட்டும். நமது ஊரில் இந்தத் தவறை நான் பார்த்தது இது முதல் தடவை அல்ல. வீட்டுக்குப் போனதும் உங்கள் சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். நகலெடுப்பதை அங்கே மாலை 6 மணி என்று வைத்தால்தான் நமக்கு இரவு 2 ஆகும்.

நேரத்தை மாற்றினோம். பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. பத்தரைக்கு வந்த தாமதம் மதியம் ஒன்றரைக்குத் தள்ளிப் போனது. அவ்வளவுதான். அதாவது பில் போடும் வேலையே அடிப்படை வேகத்துக்கு மேல் கேட்கிறது.

இப்போது சர்வருக்குள் போனோம். லினக்ஸ் சர்வர்களில் ஐஓஸ்டேட் என்று ஒரு சிறிய கட்டளை உண்டு. விநாடிக்கு எத்தனை முறை படிக்கிறது, எத்தனை முறை எழுதுகிறது, ஒவ்வொன்றும் சராசரி எத்தனை மில்லி விநாடி காத்திருக்கிறது, வரிசையில் எத்தனை நிற்கின்றன என்று காட்டும். அதிலேயே 'யூட்டில்' என்று ஒரு விழுக்காடும் வரும். அது 100 என்று காட்டினால் பதறிப் போய்ச் சர்வரை மாற்றுகிறார்கள். மேகக் கணினியின் வட்டு ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யக்கூடியது. அந்த எண் சொல்வதெல்லாம், அந்த நேரம் முழுவதும் ஏதாவது ஒரு வேலையாவது வட்டில் இருந்தது என்பதுதான். கடையில் எப்போதும் ஒரு வாடிக்கையாளராவது நின்றார் என்பதற்கும் கடை நிரம்பி வழிந்தது என்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? ஆகவே அதை விட்டுவிட்டு, எண்ணிக்கை, காத்திருப்பு, வரிசை மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

விநாடிக்கு 300 மட்டுமே போகக்கூடிய இடத்தில் 60 வேலைகள் வரிசையில் நின்றால், ஒவ்வொன்றும் 60-ஐ 300-ஆல் வகுத்த நேரம், அதாவது ஐந்தில் ஒரு விநாடி காத்திருக்கும். ஒரு பில்லைத் திறக்க ஒன்றன் பின் ஒன்றாக 200 பக்கங்கள் வேண்டுமென்றால்? 40 விநாடி. வட்டு நிரம்பியதற்கு அடையாளம் இதுதான்: எண்ணிக்கை ஓர் எல்லையில் மேசை மாதிரித் தட்டையாக நிற்கும், வரிசையும் காத்திருப்பும் மட்டும் ஏறிக்கொண்டே போகும். எண்ணிக்கை எல்லைக்கு வெகு கீழே இருந்தும் காத்திருப்பு அதிகம் என்றால் நோய் வேறு. அதற்கு வேகமான வட்டு வாங்குவது வீண்.

இங்கே மேசை தெளிவாகத் தெரிந்தது. இந்த இடத்தில் பலரும் வேகமான வட்டு வாங்கி முடித்துவிடுவார்கள். நான் இன்னொரு கேள்வி கேட்கச் சொல்வேன். மூன்று கிளை உள்ள மளிகைக் கடைக்கு இவ்வளவு படிக்க என்ன இருக்கிறது?

மெதுவான கேள்விகளைப் பதிவு செய்யும் வசதி மைஎஸ்கியூஎல்லில் இருக்கிறது. அதைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பட்டியலில் முதலிடத்தில், மீண்டும் மீண்டும் ஒரே கேள்வி. பில் திரையில் பொருளின் பெயரைத் தட்டியதும், "இந்த வாடிக்கையாளர் கடைசியாக இதை என்ன விலைக்கு வாங்கினார்?" என்று மென்பொருள் கேட்கிறது. மிகவும் பயனுள்ள வசதி. ஆனால் அதற்குப் பொருத்தமான அட்டவணைக் குறிப்பு, அதாவது இண்டெக்ஸ், போடவில்லை. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இல்லாவிட்டால் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதுதானே? ஒவ்வொரு பொருளுக்கும் நான்கைந்து வருட பில்கள் அனைத்தையும் புரட்டிக்கொண்டிருந்தது. கடை சிறியதாக இருந்தபோது இது தெரியவில்லை. கணக்கு வளர வளரத் தெரிந்தது.

அதற்கும் மேல் ஒன்று. சர்வரைப் பெரிதாக்கினார்களே, கூடுதலாக வந்த நினைவகம் எங்கே போனது? எங்கும் போகவில்லை, சும்மா கிடந்தது. மைஎஸ்கியூஎல் தன் பக்கங்களை வைத்துக்கொள்ளும் நினைவகப் பகுதிக்கு, நாம் மாற்றாவிட்டால் 128 மெகாபைட்தான். போஸ்ட்கிரெஸ்ஸிலும் தொடக்க அளவு அதே 128தான். யாரும் அதை மாற்றவில்லை. இயங்குதளத்தின் நினைவகமாவது உதவியிருக்கும். ஆனால் அதைத் தாண்டி நேராக வட்டிலிருந்து எடுக்கும்படி அமைத்திருந்தார்கள். பெரிய கிடங்கு வாடகைக்கு எடுத்துவிட்டு, சரக்கையெல்லாம் பழைய அலமாரியிலேயே அடுக்கியது போல. பாவம், பெரியவர் பல மாதம் இரட்டை வாடகை கட்டியிருப்பார், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இண்டெக்ஸை ஒரு இரவில் போட்டோம். மறுநாள் முழுவதும் வேறு எதையும் தொடவில்லை. ஒரே நாளில் நான்கு மாற்றம் செய்தால் எது குணமாக்கியது என்று தெரியாது. தட்டையான மேசை மறைந்தது. அடுத்து நினைவகப் பகுதியைப் பெரிதாக்கினோம். வட்டுக்குப் போகும் வேலை இன்னும் குறைந்தது. அதன் பிறகு பார்த்தால் வேகமான வட்டே தேவைப்படவில்லை. ஆனாலும் சலுகைப் புள்ளி விளையாட்டு இல்லாத வட்டு வகைக்கு மாற்றச் சொன்னேன். காரணம், அது விலையும் குறைவு. அமேசானில்கூட ஜிபி3-இன் இட வாடகை ஜிபி2-ஐவிட 20 விழுக்காடு குறைவாகத்தான் அறிமுகமானது. சர்வரை நிறுத்தாமலே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நகல் எடுத்த பிறகு. தீபாவளி முடிந்ததும் சர்வரைப் பழைய அளவுக்கே இறக்கினோம்.

அரங்கில் ஒரு சகோதரி, "எங்களுக்குச் சர்வரே கிடையாது, மாதச் சந்தா கட்டும் மென்பொருள்தான். நாங்கள் எதைப் பார்ப்பது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. உள்ளே நீங்கள் பார்க்க முடியாது. ஆனால் நேரத்தைக் குறித்து வைக்க முடியும். எந்தத் திரை, எத்தனை மணி, எத்தனை விநாடி என்று ஒரு வாரம் எழுதி அனுப்புங்கள். "மெதுவாக இருக்கிறது" என்று சொன்னால் மறுத்துவிடுவார்கள். "தினமும் 10.30" என்று எழுதினால் யாரோ ஒருவர் வரைபடத்தைத் திறந்தே ஆக வேண்டும். நாள் முழுவதும் ஒரே அளவு மெதுவாக இருந்தால் வட்டைச் சந்தேகிப்பதற்கு முன் தூரத்தைப் பாருங்கள். அமேசான் சிங்கப்பூரில் 2010-இலும் மலேசியாவில் 2024-இலும்தான் தரவு மையத் தொகுதி திறந்தது. சிலருடைய கணக்கு இன்னும் அமெரிக்காவிலேயே இருக்கலாம்.

இன்னொரு அன்பர் கேட்டது: நகலிலிருந்து புதிய வட்டு உருவாக்கினோம், முதல் நாள் ஆமை வேகம், இரண்டு நாளில் தானாகச் சரியானது, ஏன்? அது நோயல்ல. அப்படி உருவாக்கிய வட்டு உடனே முழுதாக இருப்பது போலத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு துண்டும் முதல் தடவை தொடும்போதுதான் நகல் கிடங்கிலிருந்து வந்து சேரும். அதற்குக் கட்டணம் கட்டி முன்கூட்டியே நிரப்பும் வசதியும் உண்டு. கட்ட விருப்பமில்லை என்றால், கடை திறப்பதற்கு முந்தின இரவே வட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை படிக்க வைத்துவிடுங்கள். வெள்ளம் வந்த மறுநாள் காலையில் இதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. சும்மா இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தடவை செய்து பார்த்து, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.